தாதரில் குடியேறப் போகிறீர்களா? காகிதம் முதலில், கட்டில் அப்புறம்

மும்பை தாதர் ஸ்டேஷனில் இறங்கி வீட்டுப் புரோக்கருக்கு போன் போட்டேன். "ஸ்டேஷன் வாசலில் நிற்கிறேன்" என்றேன். "எந்த வாசல்? ஈஸ்ட்டா, வெஸ்ட்டா?" என்றார். எனக்குத் தெரியவில்லை. பக்கத்தில் மூட்டையோடு நின்றவரைக் கேட்டால் அவர் கை காட்டியது வேறு திசை. புரோக்கரும் நானும் ஒருவரை ஒருவர் தேடிக் கண்டுபிடிக்க முக்கால் மணி நேரம் ஆனது. அதைத் தொடர்ந்து வந்த எட்டு மாதங்களும் ஏறக்குறைய அப்படித்தான் போயின. தப்பான வீடு, செல்லாத பத்திரம், முழுதாகத் திரும்பி வராத டெபாசிட். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்தோ சேலத்திலிருந்தோ வேலைக்காக இங்கே வருகிறவர்கள் அதே சுற்றைச் சுற்ற வேண்டாம் என்பதற்காக, எதை முதலில் செய்ய வேண்டும், எவ்வளவு ஆகும், எத்தனை நாள் ஆகும் என்பதை மட்டும் எழுதுகிறேன்.

1. கிழக்கா மேற்கா என்பதை வரும் முன்பே முடிவு செய்யுங்கள்

தாதரின் நடுவே தண்டவாளம் ஓடுகிறது. மேற்குப் பக்கம் பூ மார்க்கெட், காய்கறி மார்க்கெட், ரானடே ரோடு, பிளாசா, சிவாஜி பார்க். கிழக்குப் பக்கம் இந்து காலனி, பார்சி காலனி, ஹிந்த்மாதா துணிக்கடைகள், தாதர் டிடி என்று எல்லோரும் சொல்லும் கோதாதாத் சர்க்கிள். நடந்து கடக்க ரயில்வே மேம்பாலங்கள் இருக்கின்றன. வண்டியில் போனால் திலக் பாலம் ஏறி இறங்க வேண்டும். மாலை ஆறு மணிக்கு அந்தப் பாலத்தில் டாக்ஸியில் உட்கார்ந்தால் மீட்டர் ஓடுவதை ரசிக்கலாம், அவ்வளவுதான்.

நம்மவர்களில் பலர் கிழக்கையும் அடுத்த ஸ்டேஷனான மாட்டுங்காவையும் விரும்புவார்கள். காரணம் கோயில், காய்கறி, காபி. நானும் கிழக்குதான். ஆனால் தினசரி வேலை அந்தேரி, கோரேகாவ் பக்கம் என்றால் மேற்கில் பாருங்கள். தினம் இரண்டு முறை அந்த மேம்பாலத்தில் ஏறி இறங்கும் நேரம் மிச்சம்.

இன்னொரு விஷயம். தாதரில் ஆட்டோ கிடையாது. தெற்கே வரும் ஆட்டோக்கள் மாஹிம், சயான் எல்லையோடு நின்றுவிடும். நான் முதல் நாள் அரை மணி நேரம் ஆட்டோவுக்குக் காத்து நின்றவன். கறுப்பு மஞ்சள் டாக்ஸிதான். குறைந்தபட்சக் கட்டணம் 31 ரூபாய், முதல் ஒன்றரை கிலோமீட்டருக்கு. மாநகர பஸ் நிறுவனமான பெஸ்ட்டில் சாதாரண வண்டிக்கு 10 ரூபாய், ஏசி வண்டிக்கு 12 ரூபாயில் தொடங்கும்.

2. ஸ்டேஷன் பெயர்களில் ஏமாறாதீர்கள்

மாட்டுங்கா வேறு, மாட்டுங்கா ரோடு வேறு. லோக்கல் ரயிலில் முன்னது சென்ட்ரல் லைன், பின்னது வெஸ்டர்ன் லைன். வீட்டு விளம்பரத்தில் "மாட்டுங்கா ஸ்டேஷன் பக்கம்" என்று இருந்தால் எந்த மாட்டுங்கா என்று கேளுங்கள். கிங்ஸ் சர்க்கிள் ஸ்டேஷன் மாட்டுங்காவுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது, ஆனால் அது ஹார்பர் லைன். தாதரில் ஹார்பர் லைன் இல்லை. ஹார்பர் லைனில் உள்ள செம்பூரில் அத்தை வீடு இருந்தால் குர்லா போய்த்தான் மாற வேண்டும். சென்ட்ரல் லைன் பாஸ்ட் வண்டிகள் மாட்டுங்காவிலும் சயானிலும் நிற்காது. தாதரில் எல்லாம் நிற்கும். வி.டி. என்று பழைய ஆட்கள் சொன்னால் அது இன்றைய சிஎஸ்எம்டி, அதாவது சத்ரபதி சிவாஜி மகாராஜ் டெர்மினஸ்.

பிளாட்பார எண்ணும் குழப்பும். 2023 டிசம்பர் 9 முதல் தாதரின் பிளாட்பாரங்களை ஒரே வரிசையாக்கிவிட்டார்கள். 1 முதல் 7 வரை வெஸ்டர்ன், 8 முதல் 14 வரை சென்ட்ரல். அதற்கு முன் இரண்டு பக்கமும் 1, 2 என்று தனித்தனியாகத் தொடங்கும். பல வருஷமாக இங்கேயே இருப்பவர்கள் வழி சொல்லும்போது இன்னும் பழைய எண்ணைச் சொல்லிவிடுகிறார்கள். காதை நம்பாமல் பலகையைப் பாருங்கள்.

ஊரிலிருந்து வருகிறவர்களுக்கு: திருநெல்வேலிக்கும் புதுச்சேரிக்கும் போகும் சாளுக்யா எக்ஸ்பிரஸ் தாதரிலிருந்தே புறப்படுகிறது, ஆனால் வாரத்தில் சில நாட்கள் மட்டும். தமிழ்நாட்டு வண்டிகளில் சில லோக்மான்ய திலக் டெர்மினஸோடு நின்றுவிடும். "குர்லா" என்று நம்மவர்கள் சொல்வது இந்த டெர்மினஸைத்தான். அங்கே இறங்கினால் பெட்டிகளோடு லோக்கல் ஏறி தாதர் வரும் எண்ணத்தைக் கைவிடுங்கள், முக்கியமாகக் காலையில்.

3. கையில் எவ்வளவு வேண்டும்

ஒரு ஹால், சமையலறை மட்டும் உள்ள வீட்டை இங்கே "ஒன் ஆர்கே" என்பார்கள். என் கணக்கு இது. வாடகை 30,000. டெபாசிட் ஐந்து மாத வாடகை, 1,50,000. புரோக்கருக்கு ஒரு மாத வாடகை, 30,000. பத்திரச் செலவு எல்லாம் சேர்த்து 3,400 பக்கம். ஆக, சாவி கைக்கு வரும் முன் 2,13,000 போய்விட்டது. பாத்திரம் வாங்கவில்லை, கட்டில் வாங்கவில்லை. உங்களுக்கு வீடு, தெரு, கட்டடத்தின் வயதைப் பொறுத்து எல்லாம் மாறும். ஆனால் "ஒரு மாத வாடகையும் ஒரு மாத அட்வான்ஸும் போதும்" என்ற ஊர்க் கணக்கோடு வண்டி ஏறாதீர்கள்.

"ஹெவி டெபாசிட்" என்று ஒன்று சொல்வார்கள். பத்துப் பதினைந்து லட்சம் கொடுத்துவிட்டு வாடகை இல்லாமலோ மிகக் குறைந்த வாடகையிலோ இருப்பது. கேட்க இனிக்கும். அவ்வளவு பணத்தையும் அவர் திருப்பித் தரும் நாளில் அவரிடம் இருக்குமா என்று யோசித்துவிட்டு ஒதுங்கிவிடுவது நல்லது என்பது என் கருத்து.

புரோக்கர் வீடு காட்ட முன்பணம் கேட்டால் கொடுக்க வேண்டாம். கமிஷன் பத்திரம் பதிவான அன்றுதான் என்று முதல் நாளே பேசிவிடுங்கள். வீட்டைப் பிடித்து வைக்கக் கொடுக்கும் டோக்கன் தொகையை வங்கி வழியாக வீட்டுக்காரர் கணக்குக்கு நேராக அனுப்புங்கள். ரொக்கமாகக் கொடுத்த எதுவும் எனக்குத் திரும்பி வரவில்லை.

4. வீடு யாருடையது? இதைத்தான் நான் கேட்கவில்லை

என் முதல் அறை, கிழக்கில் ஒரு பழைய மூன்று மாடிக் கட்டடத்தில் இருந்தது. மரப்படி, பொதுவான நீள வராந்தா, எல்லார் வாசலிலும் செருப்பு. அறையைக் கொடுத்தவர் நல்ல மனிதர், நாற்பது வருஷமாக அங்கே இருந்தவர். 500 ரூபாய் ஸ்டாம்ப் பேப்பரில் எழுதிக் கையெழுத்துப் போட்டோம், நோட்டரி முத்திரையும் குத்தியாயிற்று. நான் ஆனந்தமாகக் குடியேறினேன். நாலாவது மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கதவு தட்டினார்கள். திறந்தால் இரண்டு பேர். "நீங்கள் யார்?" என்று கேட்டார்கள். அவர்கள் கட்டடத்தின் உண்மையான சொந்தக்காரர் அனுப்பிய ஆட்கள்.

விஷயம் என்னவென்றால், எனக்கு அறை கொடுத்தவரே அங்கே வாடகைக்காரர்தான். இதற்கு இங்கே "பக்டி" என்று பெயர். முன்பு ஒரு பெரிய தொகை கொடுத்துவிட்டு, மிகச் சிறிய மாத வாடகையில் தலைமுறையாக இருப்பார்கள். தாதர், பரேல், மாட்டுங்கா பகுதியின் பழைய கட்டடங்களில் இது சாதாரணம். அவர்களுக்கு அங்கே வசிக்க உரிமை உண்டு. கட்டடச் சொந்தக்காரரின் சம்மதம் இல்லாமல் உள்வாடகைக்கு விட உரிமை இல்லை. சொந்தக்காரர் பிரச்சினை செய்தால் வெளியே போவது நீங்கள்தான். நான் போனேன். டெபாசிட் ஏழு மாதத்தில் தவணை தவணையாக வந்தது, கடைசி 12,000 வரவே இல்லை. பதிவில்லாத அந்தப் பத்திரத்தை எடுத்துக்கொண்டு யாரிடம் போய் முறையிடுவது?

ஆகவே வீடு பிடித்த உடனே, விலை பேசும் முன்பே, மூன்று காகிதங்களைக் கேளுங்கள். சொசைட்டி, அதாவது வீட்டுக்காரர்களின் கூட்டுறவுச் சங்கம், நடத்தும் கட்டடம் என்றால் வீட்டுக்காரர் பெயரில் உள்ள ஷேர் சர்டிபிகேட்டோ சொசைட்டி பராமரிப்பு ரசீதோ. வீடு வாங்கியபோது பதிவான ஆவணத்தின் இன்டெக்ஸ் டூ, அதாவது பதிவு அலுவலகம் தரும் சுருக்கப் பக்கம். அப்புறம் மின்கட்டண பில், தாதரில் மின்சாரமும் அதே பெஸ்ட் தருவதால் இது பெஸ்ட் பில்தான். மூன்றிலும் ஒரே பெயர் இருக்கிறதா, அந்தப் பெயரும் ஆதாரில் உள்ள பெயரும் ஒன்றுதானா என்று பாருங்கள். "அப்பா பெயரில் இருக்கிறது, அவர் இல்லை, நான்தான் பையன்" என்றால் சொசைட்டியில் பெயர் மாறிவிட்டதா என்று கேளுங்கள். கேட்டால் கோபித்துக்கொள்பவரின் வீடு வேண்டவே வேண்டாம்.

பழைய கட்டடம் என்றால் இன்னொன்றும் பாருங்கள். தென் மும்பையின் பழைய "செஸ்" (பழுதுபார்ப்பு வரி கட்டும்) கட்டடங்களில் மிக ஆபத்தானவை எவை என்று, மாநில வீட்டுவசதி அமைப்பான மகாடாவின் பழுதுபார்ப்பு வாரியம் ஒவ்வொரு வருஷமும் மழைக்கு முன் பட்டியல் வெளியிடும். உங்கள் கட்டடம் அதில் இருந்தால் மழைக்காலத்தில் காலி செய்யச் சொல்வார்கள்.

5. வீட்டை எப்போது போய்ப் பார்ப்பது

முடிந்தால் ஜூலையில், நல்ல மழை நாளில். ஹிந்த்மாதா பகுதியும் கிங்ஸ் சர்க்கிள் பக்கம் காந்தி மார்க்கெட்டும் தண்ணீர் தேங்குவதில் பேர் போனவை. ஏப்ரலில் பளிச்சென்று இருக்கும் தரைத்தளம் மழையில் எப்படி இருக்கும் என்பதைக் கீழே உள்ள டீக்கடைக்காரர் சொல்லிவிடுவார், வீட்டுக்காரர் சொல்ல மாட்டார். சுவரில் தரையிலிருந்து முழங்கால் உயரத்தில் புதுப் பெயின்ட் மட்டும் வேறு நிறத்தில் இருந்தால் காரணம் கேளுங்கள்.

மாநகராட்சித் தண்ணீர் நேரக்கணக்கில்தான் வரும். எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம், மாடித் தொட்டி உண்டா என்று அடுத்த வீட்டு அக்காவைக் கேட்பது நல்லது.

ஞாயிற்றுக்கிழமை வீடு பார்க்கக் கிளம்பினால் அன்றைய ரயில் பிளாக்கைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். சென்ட்ரலில் மெகா பிளாக், வெஸ்டர்னில் ஜம்போ பிளாக் என்று பராமரிப்பு வேலைக்காகச் சில மணி நேரம் வண்டிகளைத் திருப்பி விடுவார்கள். நாலு வீடு பார்க்க நினைத்து ஒன்றோடு திரும்பி வந்திருக்கிறேன்.

சாமான் இறக்கும் நாளுக்கும் ஒரு எச்சரிக்கை. டிசம்பர் 6 அன்று அம்பேத்கர் நினைவு நாள். அவர் நினைவிடமான சைத்யபூமிக்கு லட்சக்கணக்கில் மக்கள் தாதர் வருவார்கள், முந்தின நாட்களிலேயே கூட்டம் தொடங்கிவிடும். கணபதி, தசரா, தீபாவளிக்கு முந்தின வாரங்களில் மேற்குப் பக்கத் தெருக்களில் டெம்போ நுழையவே முடியாது. வேறு தேதி பார்த்துக்கொள்ளுங்கள்.

சொசைட்டிக்காரர்கள் "பேச்சலரா, பேமிலியா? சைவமா?" என்று கேட்பார்கள். கேட்பது சரியா தப்பா என்பது வேறு பேச்சு. பொய் சொல்லிக் குடியேறி மீன் வாசத்தில் மாட்டிக்கொள்வதைவிட முதலிலேயே அடுத்த கட்டடத்தைப் பார்ப்பது மேல்.

6. பத்திரம்: லீவ் அண்ட் லைசென்ஸ்

இதுதான் முக்கியம், மெதுவாகப் படியுங்கள். லீவ் அண்ட் லைசென்ஸ் என்பது இங்கே வழக்கமாகப் போடும் வாடகை ஒப்பந்தத்தின் பெயர். நம் ஊரில் 11 மாத ஒப்பந்தம் என்றால் பதிவு வேண்டாம் என்று ஒரு பழக்கம் உண்டு. மகாராஷ்டிராவில் அது செல்லாது. 1999-ஆம் ஆண்டு மகாராஷ்டிர வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் 55-ஆவது பிரிவுப்படி, எத்தனை மாதமானாலும் லீவ் அண்ட் லைசென்ஸ் ஒப்பந்தத்தை எழுத்தில் போட்டுப் பதிவு செய்தே ஆக வேண்டும். பதிவு செய்யும் பொறுப்பு வீட்டுக்காரருடையது. செய்யாவிட்டால் அவருக்கு மூன்று மாதம் வரை சிறையோ 5,000 ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ கிடைக்கலாம். பதிவில்லாத வீட்டில் நிபந்தனை பற்றித் தகராறு வந்தால், வேறு விதமாக நிரூபிக்கப்படாத வரை குடியிருப்பவர் சொல்வதே எடுபடும். "பதிவெல்லாம் எதுக்குங்க, வீண் செலவு" என்று சொல்லும் வீட்டுக்காரரிடம் இந்த இரண்டையும் சிரித்துக்கொண்டே சொல்லிப் பாருங்கள்.

செலவு நிஜமாகவே குறைவு. முத்திரைத் தீர்வை 0.25 சதவீதம். எதன் மீது? மொத்தக் காலத்துக்கான வாடகை, அத்தோடு டெபாசிட்டுக்கு வருஷத்துக்கு 10 சதவீதம் என்று போடும் கணக்கு வட்டி, இரண்டின் கூட்டுத்தொகை மீது. என் வீட்டுக்கு 11 மாத வாடகை 3,30,000. டெபாசிட் 1,50,000-க்கு 11 மாதக் கணக்கு வட்டி 13,750. கூட்டினால் 3,43,750. அதில் 0.25 சதவீதம் கிட்டத்தட்ட 860 ரூபாய். பதிவுக் கட்டணம் மாநகராட்சிப் பகுதிக்கு 1,000. ஆன்லைனில் ஆவணக் கையாளுதலுக்கு 300. வீட்டுக்கு வந்து கைரேகை எடுத்த ஏஜென்ட் 1,200 வாங்கினார். இதை வீட்டுக்காரரும் நாமும் பாதிப் பாதி போட்டுக்கொள்வது வழக்கம், நான்தான் பேசாமல் முழுதும் கொடுத்துவிட்டேன். இருவருக்கும் சம்மதம் என்றால் 22 அல்லது 24 மாதத்துக்கே போட்டுவிடுங்கள். பதிவுக் கட்டணமும் ஏஜென்ட் கூலியும் ஒரே முறையோடு போகும். இரண்டாம் வருஷம் வாடகை எவ்வளவு ஏறும் என்பதையும் அதிலேயே எழுதிவிடலாம்.

தேவையான காகிதங்கள்: இரு தரப்புக்கும் ஆதார், பான். வீட்டின் மின் பில் அல்லது சொத்து வரி ரசீது. இரண்டு சாட்சிகள், அவர்களுக்கும் ஆதார். எல்லோரும் கைரேகை வைக்க வேண்டும். ஏஜென்ட் ஒரு லேப்டாப், ஒரு சின்ன ரேகைக் கருவி, ஒரு வெப்கேமராவோடு வீட்டுக்கே வந்துவிடுவார். வீட்டுக்காரர் வேறு ஊரில் இருந்தால் அவர் தனியாக, வேறு நாளில் வைக்கலாம்.

இங்கே மூன்று பொறிகள்.

ஒன்று, ஆதாரில் பயோமெட்ரிக் பூட்டு போட்டிருப்போம், மறந்திருப்போம். ஏஜென்ட் வந்து நிற்கும்போது ரேகை ஏறாது. முந்தின நாளே திறந்து வையுங்கள். வயதான வீட்டுக்காரர்களுக்குக் கைரேகை தேய்ந்திருக்கும். என் வீட்டுக்காரம்மாவுக்கு எழுபது தாண்டிவிட்டது, பத்து விரலையும் வைத்துப் பார்த்தோம். கடைசியில் எலுமிச்சைச் சாற்றில் கழுவித் துடைத்து இடது மோதிர விரல் ஒத்துக்கொண்டது. எலுமிச்சை வேலை செய்ததா, அந்த விரலே நல்ல விரலா, தெரியாது.

இரண்டு, வரைவை அச்சாகும் முன் வரி வரியாகப் படிக்க வேண்டும். பெயர் எழுத்துக்கூட்டு, பிளாட் எண், மாடி. நம் பெயரில் முன்னெழுத்து முன்னாலா பின்னாலா என்பதில் இங்கே எல்லோரும் தடுமாறுவார்கள். ஆதாரில் உள்ளபடியே இருக்கட்டும். அப்புறம் "லாக் இன்" (இடையில் காலி செய்ய முடியாத காலம்) எத்தனை மாதம், காலி செய்ய எத்தனை நாள் நோட்டீஸ், போகும்போது பெயின்ட் செலவு யாருடையது, டெபாசிட் எந்த நாளில் திரும்பும். "சாவி ஒப்படைக்கும் அன்றே" என்று எழுத வையுங்கள்.

மூன்று, மனைவியோ கணவரோ கூட இருந்தால் அவர் பெயரும் பத்திரத்தில் வரட்டும். காரணம் கீழே வருகிறது.

கைரேகை வைத்த நாலாவது வேலை நாளில் பதிவு எண்ணோடு பத்திரமும் இன்டெக்ஸ் டூவும் என் மெயிலுக்கு வந்தன. அதுவரை சாமான் இறக்காதீர்கள். முழு டெபாசிட்டையும் அதற்கு முன் கொடுக்காதீர்கள். அலுவலகத்தில் வீட்டு வாடகைப் படி காட்டுகிறவர்களுக்கு, வருஷ வாடகை ஒரு லட்சத்தைத் தாண்டினால் வீட்டுக்காரர் பான் எண் வேண்டும். பத்திரத்திலேயே அது இருப்பதால் மார்ச் மாதம் கெஞ்ச வேண்டியதில்லை.

7. போலீஸ் தகவல், சொசைட்டி

வாடகைக்கு வந்தவரின் விவரத்தை வீட்டுக்காரர் மும்பை போலீஸ் இணையதளத்தில் பதிய வேண்டும். காசு கிடையாது. உங்கள் புகைப்படம், அடையாள அட்டை, பழைய முகவரி, வேலை செய்யும் இடம், உங்களைத் தெரிந்தவர்கள் விவரம் கேட்பார்கள். பதிந்ததும் அந்த ரசீதின் ஒரு பிரதியை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், சொசைட்டி செயலாளர் முதலில் கேட்பது அதைத்தான். "ஐநூறு கொடுங்கள், நான் செய்கிறேன்" என்று புரோக்கர் சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடலாம்.

வாடகைக்கு விட்ட வீட்டுக்கு சொசைட்டி கூடுதலாக ஒரு கட்டணம் வாங்கும். அது சேவைக் கட்டணத்தில் 10 சதவீதத்தைத் தாண்டக்கூடாது, கட்ட வேண்டியவரும் வீட்டுக்காரர்தான். அதை உங்கள் தலையில் கட்ட விடாதீர்கள்.

8. சாவி கிடைத்த வாரம்

முதல் நாள் மின் மீட்டரை போட்டோ எடுங்கள், பழைய பாக்கி இல்லையா என்று பில்லைப் பாருங்கள். சுவர், குழாய், ஜன்னல் எல்லாவற்றையும் வீடியோ எடுத்து வீட்டுக்காரருக்கே வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். காலி செய்யும்போது "இந்த விரிசல் எப்படி வந்தது" என்ற பேச்சுக்கு அதுவே பதில்.

ஆதார் முகவரி மாற்றம் ஆன்லைனிலேயே செய்யலாம், கட்டணம் 75 ரூபாய். பதிவான ஒப்பந்தத்தைப் பிடிஎஃப்பாக ஏற்ற வேண்டும். பத்திரத்தில் பெயர் உள்ளவருக்கு இது சுலபம். பெயர் இல்லாத மனைவிக்கு, குடும்பத் தலைவர் சம்மதம் என்ற இன்னொரு வழியில் போக வேண்டும், அதற்கு உறவைக் காட்டும் ஆவணம் தேடி அலைய வேண்டும். நாங்கள் திருமணப் பதிவுச் சான்றை ஊரிலிருந்து கூரியரில் வரவழைத்தோம்.

கேஸ் இணைப்பை ஊரில் ஒப்படைத்து, சிலிண்டர், ரெகுலேட்டர் திருப்பிக் கொடுத்ததற்கான டிவி என்னும் டெர்மினேஷன் வவுச்சரை வாங்கிக்கொண்டு வாருங்கள். அது இருந்தால் இங்கே அதே இணைப்பைத் தொடரலாம். பல கட்டடங்களில் மகாநகர் கேஸ் குழாயே வந்திருக்கும், முதலில் சமையலறையைப் பாருங்கள்.

9. ரயில் பாஸ்

பக்கத்து ஸ்டேஷன்களுக்கு இரண்டாம் வகுப்பு டிக்கெட் 5 ரூபாய். டிக்கெட் எடுத்த ஒரு மணி நேரத்துக்குள் வண்டி ஏற வேண்டும். தினமும் போகிறவர்கள் பாஸ் எடுத்துவிடுங்கள். மூன்று மாத பாஸ் மாதக் கட்டணத்தைப் போல 2.7 மடங்கு, ஆறு மாதம் 5.4 மடங்கு, ஒரு வருஷம் 10.8 மடங்கு. கவுன்டரில் எடுத்தால் போட்டோ ஒட்டிய அடையாள அட்டை வேண்டும். போனில் ரயில்ஒன் செயலியிலும் எடுக்கலாம், ஆனால் பிளாட்பாரத்துக்குள் நின்றுகொண்டு டிக்கெட் எடுக்க முடியாது. ஸ்கிரீன்ஷாட் காட்டினால் செல்லாது.

தாதரில் டிக்கெட் பரிசோதகர்கள் மேம்பாலப் படி முடியும் இடத்தில்தான் நிற்பார்கள். டிக்கெட் இல்லாவிட்டால் அபராதம் குறைந்தது 250 ரூபாய், அத்தோடு பயணக் கட்டணமும். இரண்டாம் வகுப்பு பாஸோடு கூட்டத்தில் தள்ளப்பட்டு முதல் வகுப்பில் ஏறிவிட்டேன் என்று சொன்னாலும் அதே கதிதான். ஏசி லோக்கலுக்குச் சாதாரண பாஸ் போதாது.

மாலையில் விரார் பாஸ்ட் வண்டியில் ஏறி பாந்த்ராவிலோ அந்தேரியிலோ இறங்கலாம் என்று நினைக்காதீர்கள். இறங்க விட மாட்டார்கள் என்பது மிகை இல்லை, நான் போரிவலியில் இறங்கித் திரும்பி வந்திருக்கிறேன். பாந்த்ரா குர்லா காம்ப்ளெக்ஸோ விமான நிலையமோ போக வேண்டுமென்றால் தாதர் மேற்கிலிருந்து சுரங்க மெட்ரோ இருக்கிறது. 2025 முதல் கஃப் பரேட் வரை முழுதும் ஓடுகிறது. கட்டணம் 10 முதல் 70 ரூபாய் வரை. ரயில்வே பாஸ் அங்கே செல்லாது.

10. மார்க்கெட்

காய்கறிக்காரர் "பீஸ் ருப்யா பாவ்" என்றால் அது கால் கிலோவின் விலை. "கிலோ இருபதா, பரவாயில்லையே" என்று இரண்டு கிலோ போடச் சொல்லிவிட்டு 160 ரூபாய் கொடுத்தவன் எழுதுகிறேன். வாழைப்பழம் டஜன் கணக்கு. சில்லறையை "சுட்டா" என்பார்கள். கறிவேப்பிலைக்குக் "கடிபத்தா". சின்ன வெங்காயம், வாழைத்தண்டு, வாழைப்பூ, தலைவாழை இலைக்கு மட்டும் தாதரில் அலையாமல் மாட்டுங்கா கிழக்கு போய்விடுங்கள். விலை கொஞ்சம் கூடுதல்தான், ஆனால் தமிழிலேயே பேரம் பேசலாம். நான் மளிகை வாங்கும் அண்ணாச்சியிடம் கடைசியாக வீடு கிடைத்ததைச் சொன்னபோது, "நாலு மாசம் முன்ன எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கக் கூடாதாய்யா?" என்றார். புதிதாக வருகிறவர்கள் வீடு தேடும் முன் இப்படி ஒருவரிடம் ஒரு கிலோ உளுந்தாவது வாங்கி வையுங்கள்.

பூ மார்க்கெட்டுக்கு விடியும் முன் போனால்தான் மொத்த விலை. ஸ்டேஷனின் மேற்கு வாசலில் இறங்கினால் வாசமே கூட்டிப் போய்விடும். இங்கே முழம் கணக்கு யாருக்கும் புரியாது, உதிரிப்பூ எடைக்குத்தான். தரை எப்போதும் ஈரம், செருப்பு வழுக்கும். தலையில் பெரிய கூடையோடு வருகிறவர்கள் "பாஜூ, பாஜூ" என்று கத்திக்கொண்டே வருவார்கள், ஒதுங்கு என்று அர்த்தம், உடனே ஒதுங்கிவிட வேண்டும். மல்லிகை என்றால் "மோக்ரா". கனகாம்பரம் "அபோலி". செவ்வந்தி "ஷேவந்தி", அதில் சிரமமில்லை. எங்கள் திருநெல்வேலிப் பக்கம் செண்டுமல்லியைக் கேந்திப்பூ என்று சொல்வோமே, அதை அப்படியே "கேந்தி" என்று கேட்டேன். கடைக்காரர் "கேந்தா? ஜெண்டு?" என்று இரண்டு பாஷையிலும் சொல்லிவிட்டு அரைக் கிலோ நிறுத்துப் போட்டார். தசராவுக்கு முந்தின இரண்டு நாட்கள் மட்டும் அந்தப் பக்கம் போகாதீர்கள், அதே கேந்தி இரண்டு மூன்று மடங்கு விலை சொல்வார்கள்.